பொட்டு வைத்த புல்

மழைக்கு ஒதுங்கிய மத்தியானம், பதுளை நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையில்தான் அந்த மருத்துவரைப் பற்றிப் படித்தேன். கப்பலேறி அயல்நாட்டில் போய்க் குடியேறியவர். நோயாளிகளைப் பார்க்கப் போகும் வழியெல்லாம் செடிகளைப் பிடுங்கிக் காகிதத்துக்குள் அழுத்தி வைப்பாராம். கடைசியில் அந்த நாட்டுச் செடிகளைப் பற்றி முதன்முதலில் எழுதியவர்களில் ஒருவராகிவிட்டார். அதுவரை எத்தனை நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள் என்று சஞ்சிகை சொல்லவில்லை.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டில் இருப்பவள் நான். அவர் மருத்துவம் வழியாகச் செடிக்குப் போனார். நான் நேராகவே போய்விடலாமே.

ஒரே வாரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் அரிசி மூட்டைக்கு அடியில் செடிகளை உள்ளே வைத்து அழுத்திய ஒரு கட்டுப் பத்திரிகை சேர்ந்தது. அதைப் பண்டாரவளையில் எனக்கு உயிரியல் படிப்பித்த சேரிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சீட்டுக்கட்டுபோலத் தள்ளியவர், ஒன்றில் மட்டும் நின்றார்.

“இது எனக்குத் தெரியலியே. பூ எங்க?”

“இன்னும் பூக்கல சேர்.”

“பூவோட கொண்டா, பெரிய எடத்துக்கு அனுப்பிக் கேப்போம். பூ இல்லாம கொண்டு வந்தா அது கீரை.”

மலையில் நான் கண்டது அதில் இரண்டே செடி. ஒன்றைத்தான் ஆர்வத்தில் வேரோடு பிடுங்கியிருந்தேன். மிச்சமிருந்தது சித்தியின் பாத்தியில். தேயிலைக்கு இடையே புல் முளைக்காமல் பார்த்துக்கொள்ள மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் விடுவார்கள். புல்லுக் கொந்தரப்பு என்பது அதுதான். சித்தி புல் செதுக்கும் சுரண்டியோடு குனியும்போது போய்ச் சேர்ந்தேன்.

“இத மட்டும் விட்டுருங்க சித்தி. மொட்டு வந்துருச்சு.”

“நாளைக்குக் கங்காணி வந்து பாப்பாரு. புல்லு வளக்கவாடி எனக்குக் கொந்தரப்பு குடுத்தாங்க? பறிச்சுட்டாங்கன்னா நீயா வாங்கித் தருவ?”

“ரெண்டே வாரம்.”

“ஒன்னைய இம்புட்டுப் படிக்க வச்சது இதுக்குத்தான்னு இப்பத்தான் வெளங்குது.”

அன்றைக்கு மட்டும் சித்தி அதை விட்டுவைத்தாள். மறுநாள் விடிந்ததும் செடியருகே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தேன். எங்கள் தோட்டத்தில் பொட்டு வைத்த கல்லின் பக்கம் யாரும் சுரண்டியை நீட்டமாட்டார்கள். கங்காணி வந்தார். பார்த்தார்.

“யாரு வச்சது?”

சித்தி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

“யாருக்குங்க தெரியும்” என்றாள் சித்தி.

கங்காணி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் போனார்.

அதோடு நின்றிருந்தால் நான் மேதை. முதல் வெள்ளிக்கிழமை யாரோ சூடம் ஏற்றினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சிவப்புத் துணி வந்தது, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட ஒரு வரிசையும் வந்தது. ஒருவருக்கு முழங்கால் வலி விட்டதாம், இன்னொருவருக்கு இருமல். என் மருத்துவர் செடிப்பக்கம் போனார். என் செடியோ மருத்துவம் பார்க்கத் தொடங்கிவிட்டது.

நேற்றுப் பூத்துவிட்டது. ஊதா நிறம், அரிசியளவு. கத்தரிக்கோலோடு போனேன். முதலில் மறித்தது சித்திதான்.

“கைய எடு.”

“நான் வச்ச கல்லு சித்தி.”

“வச்சுட்டா ஒன்னோடதாயிருமா? எனக்கே தோள்வலி கொறைஞ்சிருக்கு.”

உண்மையை உடைத்துவிடலாம். உடைத்தால் செடி அன்றே குப்பைக்குப் போகும். கங்காணியிடம் வாய் திறக்காத சித்தியின் கொந்தரப்பும் கூடவே போகும்.

வரும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பூவைப் பிரசாதமாகக் கொடுக்கப் போவதாகக் கங்காணி சொல்லியிருக்கிறார். நான்தான் முதல் ஆளாக நிற்கப் போகிறேன், குளித்துவிட்டு, ஈரத் தலையோடு. காம்பும் இரண்டு இலையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பலிக்கும் என்று ஒரு வேண்டுதலும் யோசித்து வைத்திருக்கிறேன். பூவைக் கையில் வாங்குவதாக இல்லை. நீட்டுவதற்கு ஒரு பழைய பத்திரிகையை மடித்து வைத்தாயிற்று.