மூன்று இழுப்புக்குத்தான் சாவி

ரங்கூனில் குளிர்காலம் வருகிறது என்றால் ஊரே சிரிக்கும். மழை விட்டுவிட்டது, பாசி பிடித்த சுவரெல்லாம் காய்ந்துவிட்டது, பட்டாணியும் காலிஃப்ளவரும் மலிந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு சந்தோஷம். சென்னையில் இருக்கும் என் சின்னம்மா மகள் போன் பண்ணினால் முதல் பேச்சே, "அங்க இப்ப ஜில்லுனு இருக்குமே, குடுத்து வச்சவ நீ" என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜில்லென்று இருப்பது வாஸ்தவம்தான். ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனி, ஆடியில் மழை கொட்டினாலும் ஆறரை மணி வரை தெருவில் வருகிற ஆளின் முகம் தெரியும். ஐப்பசி பிறந்தால் வெளிச்சத்தை யாரோ தினம் ஒரு கிள்ளு கிள்ளி எடுத்துக்கொண்டு போவார்கள். கார்த்திகையில் மிச்சமே இருக்காது. என் மகன் வேலை முடிகிற நேரம் மட்டும் மாறுவதில்லை. இன்சீனில் ஏசி ரிப்பேர் பார்க்கும் கடையில் இருக்கிறான். ஐந்து மணிக்குக் கடையை விட்டால், சுற்று ரயிலைப் பிடித்து, இறங்கி நடந்து, பசுந்தாங்கில் எங்கள் தெருவுக்கு வர ஆறேகால் ஆகும். மே மாதத்தில் ஆறேகால் என்றால் சாயங்காலம். நவம்பரில் அது ராத்திரி.

அவனுக்கு இருபத்தாறு வயது. இந்த ஊரில் இப்போது பயப்பட வேண்டிய வயது அதுதான். இருட்டின பிறகு தனியாக வருகிற வாலிபர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், பட்டாளத்துக்கு ஆள் வேண்டுமாம் என்று காய்கறிக்காரியிலிருந்து கோயில் பூசாரி வரை எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளை. சுற்றி வளைப்பானேன், கார்த்திகை மாதம் முழுக்க நான் பயந்துகொண்டேதான் சோறு வடிக்கிறேன்.

எங்கள் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு மாடி, ஒரே குறுகல் படிக்கட்டு, கீழே இரும்பு கேட். நாங்கள் நாலாம் மாடி. ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரை தொங்கும். மேல் முனையில் ஒரு சின்ன மணி, கீழ் முனையில் காகிதம் கவ்வும் கிளிப். கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். எட்டிப் பார்த்து, ஆளைத் தெரிந்துகொண்டு, கயிற்றை மேலே இழுத்து, கேட் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்க வேண்டும். கரண்ட் இருந்தாலும் போனாலும் ஒழுங்காக வேலை செய்கிற சாமான் இந்த ஊரில் இது ஒன்றுதான். முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிக்குத்தான் கேட்டைப் பூட்டுவோம். இப்போது இருட்டினால் பூட்டு. சாவியை வெளியே யாரும் கொண்டுபோகக் கூடாது என்று எல்லா வீடும் சேர்ந்து பேசி வைத்தோம். ஆள் பிடிபட்டால் சாவியும் சேர்ந்து பிடிபடும் என்ற பயம்.

இதோடு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கு "என்ன" என்று கேட்டுவிட மாட்டோம். காத்து கருப்பு ஒரு தடவைதான் கூப்பிடும், மனுஷன்தான் மறுபடி மறுபடி கூப்பிடுவான். மூன்றாவது குரலுக்குத்தான் பதில். என் அம்மா அப்படி, நானும் அப்படி. கயிற்றுக்கும் அதே சட்டம்தான் என் வீட்டில். மூன்று தடவை மணி அடித்தால்தான் எழுந்திருப்பேன்.

"பேய் வந்தா நேரா மாடிக்கு வராதாம்மா? கீழ நின்னு கயித்தை இழுத்துக்கிட்டா இருக்கும்?" என்று மகன் கேலி பண்ணுவான். பண்ணட்டும். பேய்க்குப் பயந்து வந்த வழக்கம் மனுஷனுக்குப் பயந்து இன்னும் இறுகிப்போனது. அவன் வந்தால் மூன்று இழுப்பு. அந்த மூன்றாவது சத்தம் கேட்கிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது.

மூன்றாம் மாடியில் ஒரு பர்மியக் குடும்பம். புருஷன் பக்கத்துத் தெரு அச்சகத்தில் வேலை. முப்பது வயசு இருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை. பெண்டாட்டி வீட்டிலேயே தையல். அவர்கள் கயிறும் எங்கள் கயிறும் ஒரு சாண் இடைவெளியில் தொங்கும். அவர்கள் கிளிப் சிவப்பு, எங்களுடையது நீலம். அவர்களுக்கு எங்களைப் போல் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு இழுப்பு இழுத்தால் அவள் ஓடி வந்து சாவியை இறக்கிவிடுவாள்.

போன வருஷம் திருக்கார்த்திகைக்கு பால்கனியில் விளக்கு வைக்கவில்லை. வெளிச்சம் தெரிந்தால் ஆள் இருக்கிற வீடு என்று தெரியுமே. திரையை இழுத்து மூடி, அகல்களை சமையல்கட்டுத் தரையில் வரிசையாக வைத்துக் கும்பிட்டேன். சாமி கோபித்துக்கொள்ளாது, அதற்கும் இந்த ஊர் நிலைமை தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் அது நடந்தது. கடை முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்று மகன் நாலரைக்கே வந்துவிட்டான். எனக்கு இருப்புக் கொள்ளாத சந்தோஷம். வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறான் என்பதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? கரண்ட் போயிருந்தது. குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, அந்த வெளிச்சத்தில் அவனுக்குச் சோறு போட்டேன். புளிச்சக்கீரையும் கருவாடும். ஆறு மணி சுமாருக்கு எங்கள் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

"ம்மா, யாரோ" என்றான்.

"ஒரு தடவைதானே. இரு."

அவன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "நீ தலையை நீட்டாத. சொன்னாக் கேளு."

நாங்கள் இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தோம். கேட்டின் கம்பி குலுங்கியது. அப்புறம் செருப்புச் சத்தம், ஓட்டம். ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம். இரண்டு மூன்று ஆண்குரல்கள், அதிகமாகக் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சாவி என் மடியில்தான் இருந்தது. பிள்ளை மேல் வெளிச்சம் விழுகிறதே என்ற ஒரே நினைப்பில், குத்துவிளக்கை வாயால் ஊதி அணைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம் அது. பூவால் ஒற்றிக் குளிர வைப்போமே தவிர, ஊத மாட்டோம். இருட்டில் மகனின் மணிக்கட்டை நான் விடவே இல்லை. வண்டிக் கதவு சாத்தப்பட்டது. கிளம்பிப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. மற்ற நாட்களில் தெருப் பிள்ளைகள் எல்லாம் "மீ லாபி!" என்று ஒரே குரலாகக் கூவுவார்கள், கரண்ட் வந்தாச்சு என்று. அன்றைக்கு ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

ஏழு மணிக்கு மூன்றாம் மாடிப் பெண் வந்து கதவைத் தட்டினாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை, ஏதாவது சத்தம் கேட்டீர்களா ஆன்ட்டி என்று கேட்டாள்.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு" என்றேன். மணி அடித்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். உள்ளே என் மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

எட்டு நாள் அவளுக்கு நான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொண்டைக்கடலை, ரசம், ஒரு நாள் மீன் குழம்பு. ரொம்ப நல்ல மனசு ஆன்ட்டி உங்களுக்கு என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூனிக் குறுகிப் போனேன். படியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு, மகன் வருகிற நேரமாச்சே என்று கடிகாரத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் அழுகையின் லட்சணம்.

ஒன்பதாம் நாள் அவள் புருஷன் திரும்பி வந்துவிட்டான். எப்படி விட்டார்கள் என்று கட்டடத்தில் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முகம் பாதியாகியிருந்தது. மறுநாள் காலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அன்னைக்கு இருட்டுல எங்க கயிறுன்னு நினைச்சு உங்க கயித்தை இழுத்துட்டேன். ஆனாடே, ஆன்ட்டி. பயந்திருப்பீங்க" என்றான் பர்மியில். பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று கூசும்போது அவர்கள் சொல்லும் சொல் அது.

"அப்படியா? நான் சமையல்கட்டுல இருந்தேன்பா. காதுல விழலையே" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "விழாததே நல்லதாப் போச்சு. கேட் திறந்திருந்தா என் பின்னாலயே ஏறி வந்திருப்பாங்க. உங்க வீட்லயும் ஆள் இருக்கே."

குத்திக் காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொல்கிறான். திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். பழத்தை வாங்கிக்கொண்டேன். அவன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மகன் உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"ம்மா, அது நானா இருந்திருந்தா?"

"நீ மூணு தடவை இழுப்பியே" என்றேன்.

"மூணு தடவை இழுக்க நேரம் கிடைக்காட்டி?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, போயிட்டு வரேன் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டான்.

இந்த வருஷமும் ஐந்தரைக்கே இருட்டுகிறது. இப்போதெல்லாம் ஒரு இழுப்புக்கே எழுந்து ஓடிவிடுகிறேன். எட்டிப் பார்த்தால் கீழே ஒரு தலை தெரியும், யார் தலை என்று தெரியாது. சாவியை மாட்டி இறக்குவேன். பாதி தூரம் போனதும் கை நின்றுவிடும். இறக்கவும் துணிச்சல் இல்லை, மேலே இழுக்கவும் மனசு வரவில்லை. கீழே நிற்கிறவர் யாராக இருந்தாலும், அவர் வாய் திறந்து குரல் கொடுக்கிற வரைக்கும் சாவி இரண்டாம் மாடி உயரத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும்.