பன்னிரண்டு மணி வரை காத்திருந்த மனு

ஐங்கரன் அடிமலரை நெஞ்சில் இருத்தி, அம்பலத்தில் ஆடும் ஐயனை வணங்கி இதை எழுதுகிறேன். இன்று கார்த்திகை விளக்கீடு. வாசலில் ஏற்றிய சிட்டி விளக்குகள் இன்னும் அணையவில்லை.

இது நடந்தது எழுபதுகளில். கொழும்பில் வெள்ளவத்தைக்குப் பின்புறம், வாய்க்காலுக்கு அப்பால் எங்கள் சிறுதெரு, அந்த ஒழுங்கை, இருந்தது. நெடுங்காலம் கிராமசபைக்கு உட்பட்டிருந்த அதை, எல்லையை மாற்றி நகரத்தோடு சேர்த்தார்கள். தெருவிளக்கு வரும், குழாய்நீர் வரும் என்று எல்லாரையும் போல நானும் மகிழ்ந்தேன். அவை வருவதற்கு முன்னர் நகர அலுவலகத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார்.

கணவனை இழந்த என் தங்கை இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் இருந்தாள். முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துப் பள்ளிச் சீருடைகள் தைத்தாள். பிள்ளைகளின் படிப்பும் அவளுடைய தலைநிமிர்வும் அந்த இயந்திரங்களில்தான் இருந்தன. கிராமசபைக் காலத்தில் அதை யாரும் கேட்டதில்லை. நகரத்தின் வரைபடத்திலோ எங்கள் ஒழுங்கை வதிவிடப் பகுதி என்று நிறம் தீட்டப்பட்டிருந்தது. அங்கே தொழில் நடத்தக்கூடாது. முன்னறையை மட்டும் தொழிலுக்குரிய இடமாக மாற்றித் தரும்படி மனுச் செய்யலாம் என்றும், குறித்த நாளுக்குள் கொடுக்காவிட்டால் இயந்திரங்களை அகற்றவேண்டி வரும் என்றும் பரிசோதகர் சொல்லிப் போனார். அவர் கடுமையாகப் பேசவில்லை. அதனால்தான் எங்களுக்குக் கூடுதலாகப் பயம் பிடித்தது.

அதன் பிறகு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் கால் கனக்கிறது. வீட்டுப் படம் கேட்டார்கள். கொண்டுபோனால் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி கேட்டார்கள். அதையும் கொண்டுபோனபோது அயலவர்களின் ஒப்பம் இல்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் அரைநாள் லீவு; ஒவ்வொரு முறையும் காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ்ஸுக்கு நின்று, நெரிசலில் தொங்கிப் போய், வெறுங்கையோடு திரும்புவேன். எல்லாம் சேர்ந்து முடிந்தபோது தவணையின் கடைசி நாள் வந்துவிட்டது. அது ஒரு வெள்ளிக்கிழமை.

மனுவின் தலைப்பில் பிள்ளையார் சுழி இட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தங்கையையும் அழைத்துக்கொண்டு பத்து மணிக்கே நகர அலுவலகத்துக்குப் போனேன். ஆனால் எங்கள் முறை வந்தபோது பத்தரையைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். நான் வரிசையிலிருந்து விலகி சுவரோரத்து வாங்குப் பலகையில் போய் அமர்ந்தேன்.

தங்கை மெல்லக் கேட்டாள்: "அண்ணை, முறை வந்திட்டுது. குடுத்திட்டுப் போவமே?"

"பன்னிரண்டு மட்டும் பொறு. இவ்வளவு அலைஞ்சுபோட்டுக் கெட்ட நேரத்தில குடுக்கிறதே?" என்றேன்.

அவளும் வந்து பக்கத்தில் அமர்ந்தாள். நான் கண்ணை மூடிப் பதிகம் ஓதத் தொடங்கினேன். சிறுவயது முதல் நாள் தவறாமல் ஓதி வருபவன் நான். இறைவன் நெஞ்சில் இருக்கையில் கிரகங்கள் அடியவரை என்ன செய்யும் என்னும் பொருள் கொண்ட பாடல்களையே அன்றும் ஓதினேன். இடையிடையே கண் திறந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மனு வாங்கும் கருமபீடத்தின் முன்னால் யாருமில்லை. அங்கிருந்த எழுதுவினைஞர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு அடித்ததும் எழுந்து போனேன். அவர் யன்னலை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கருமபீடம் நண்பகலோடு மூடப்படும் என்று என் தலைக்கு மேலேயே ஒரு பலகை தொங்கியது. சிங்களத்தில் இருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். நிமிர்ந்து பார்க்கத்தான் தோன்றவில்லை.

அவர் ஒரு முஸ்லிம் இளைஞர். தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "என்னத்துக்கு ஐயா அப்பவே தரல்ல? பத்து மணியிலேந்து உங்கள கண்டேனே" என்றார்.

தங்கைதான் முந்திக்கொண்டு, ஒரு கடுதாசியை வீட்டில் விட்டுவிட்டு வந்தது தன்னுடைய பிழை என்றாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, இருங்க. ஜும்ஆ முடிச்சிட்டு ரெண்டு மணிக்கு வாரேன். பக்கத்துக் கதவால வாங்க. இண்டைய திகதி இன்னும் முடியல்லதானே."

அவர் திரும்பி வருவாரா என்ற ஐயத்தோடு அந்த இரண்டு மணி நேரமும் வாங்கில் இருந்தோம். நான் மறுபடியும் பதிகத்தைத் தொடங்கினேன்.

"வாயில பதிகம், கண்ணில மணிக்கூடு" என்றாள் தங்கை. கோபம் இல்லை, களைத்த குரல். பிறகு சொன்னாள்: "நல்ல நேரம் பாத்தது சரி, அண்ணை. ஆனா மிசினைத் தூக்கினா என்ர பிள்ளையளுக்குத்தானே கெட்ட நேரம்?"

ஓதிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. இத்தனை ஆண்டுகளாக ஓதியதன் பொருள் அப்போதுதான் என் காதில் விழுந்தது.

இரண்டு மணிக்குச் சொன்னபடியே அந்த இளைஞர் வந்தார். தங்கை என் பழியைச் சுமப்பது பொறுக்காமல், ராகு காலத்துக்காகக் காத்திருந்ததை நானே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்கட ஒபிஸ் மிஸ்மாரும் ராகு பாக்கிறவங்கதான் ஐயா. அந்த நேரத்துல புது ஃபைல் தொறக்கமாட்டாங்க. அதுக்காகத்தான் என்னைய கவுண்டர்ல போட்டிருக்காங்க. நான் சும்மாதானே இருந்தேன்."

மஞ்சள் தடவிய மூலைகளைத் துடைக்காமலே மனுவில் அன்றைய திகதி முத்திரையைக் குத்தினார். அதன் பின்னரும் பல மாதங்கள் நடந்தோம். முடிவில் முன்னறைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை இயந்திரங்கள் அங்கேயே ஓடின. தங்கை அந்த நாளைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. பேசியிருந்தால் என் மனச்சுமை சற்றுக் குறைந்திருக்கும்.

இன்றும் என் சொந்தக் காரியங்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறேன்; பழக்கம் விடவில்லை. ஆனால் இன்னொருவரின் வாழ்வு என் கையில் இருக்கும்போது, அவருடைய தேவையைத் தவிர வேறு நேரம் பார்ப்பதில்லை. இதை வாசிக்கும் உங்கள் எல்லாருடைய இல்லங்களிலும் இன்றைய விளக்குகள் போல ஒளி நிலைக்கட்டும். கதவு மூடும் வேளையிலும் உங்களுக்காகத் திரும்பி வர ஒருவரை இறைவன் அனுப்பி வைக்கட்டும்.