அண்ணி துவைத்த மஞ்சள் துணி

என் அண்ணியின் கையிலிருந்து ஒரு டம்ளர் தவறி விழுந்தாலும் போதும், அதிலிருந்து ஒரு பிரசங்கம் எழுந்து வந்துவிடும். பால் பொங்கி அடுப்பு அணைந்தால், "பாத்தியா, கொஞ்சம் கண்ணை எடுத்ததும் என்ன ஆச்சு? ஜெபமும் இப்படித்தான்" என்பார். ஒருநாள் சாவியை உள்ளேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் அண்ணனை எழுப்ப விரல் முட்டி சிவக்கத் தட்டினார். கதவு திறந்ததும் என் பக்கம் திரும்பி, "விடாமத் தட்டணும்மா. ஆண்டவர் உங்க அண்ணனை மாதிரி தூங்கறவர் இல்ல, சீக்கிரமே திறந்துடுவார்" என்றார். "நீ தட்டுற தட்டுக்கு யாரா இருந்தாலும் திறந்துதான் ஆகணும்" என்று முனகிவிட்டு அண்ணன் மறுபடி படுக்கப் போனார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயரே 'பிரசங்கம்'தான். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளை அவர் பிரிப்பார். காய்ந்த படுக்கை விரிப்புகளை நான் மடிப்பேன். ஒருமுறை ஒரு டாக்டரின் கோட்டுப் பையில் பேனா இருந்ததைக் கவனிக்காமல் போட்டுவிட்டார். மிஷினில் இருந்த அத்தனை வெள்ளையும் நீலமாகி வெளியே வந்தது. "சின்னதுதானேன்னு நாம ஒளிச்சு வைக்கிற பாவம் இருக்கே..." என்று அண்ணி ஆரம்பித்தார். "முதல்ல பாக்கெட்டைப் பாரும்மா, பாவத்தை அப்புறம் பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர்.

எனக்கு இதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. எவ்வளவு பழைய ரத்தக் கறையானாலும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, சுவடு தெரியாமல் எடுத்துவிடுவார். "யாரோ வலியில படுத்திருந்தது. அடுத்து வந்து படுக்கறவங்களுக்கு அந்த வலி இதுல தெரியக்கூடாது" என்பார். தேய்க்கும்போது அந்த முகம் தெரியாத நோயாளிக்காக வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

அதே ஆஸ்பத்திரியில்தான் எனக்கு மகன் பிறந்தான். நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டான். ஒரு பகல் முழுக்க உயிரோடு இருந்தான், அவ்வளவுதான். அவனுக்காக நானே ஓரம் அடித்து வைத்திருந்த மஞ்சள் துணியில் சுற்றி என் நெஞ்சின்மேல் வைத்திருந்தார்கள். போட்டோ எடுக்கக்கூட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தேன், அந்தத் துணி இல்லை. பதற்றத்தில் நர்ஸ் அதை வார்டு அழுக்கோடு சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தத் துணி வேண்டும். அதில் அவன் வாசனை இருந்தது. அவன் இந்த உலகத்தில் விட்டுப்போனது அது ஒன்றுதான். நான் அரற்றியதைப் பார்த்து என் கணவர் அண்ணிக்குப் போன் பண்ணினார். "கிடைச்சிடுச்சுன்னு சொல்லுங்க. மூட்டையைப் பிரிக்கும்போதே தையலைப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டேன். நானே கொண்டு வரேன்" என்றார் அண்ணி. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு.

சாயங்காலம் வந்தார். துணிக்கு இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்து முகத்தில் வைத்தேன். சோப்பு மணத்தது. தினமும் நான் மடிக்கிற விரிப்புகளின் அதே மணம்.

"அண்ணி... இதைத் துவைச்சீங்களா?"

"மிஷின்ல போடலம்மா. தனியா வச்சு, கையாலேயே அலசினேன். ரத்தக் கறை இருந்துச்சு, அதை அப்படியே எப்படி உன் கையில கொடுக்கறது? ஒரு பொட்டுகூட இல்லாம எடுத்துட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது.

"அதுலதான் அவன் வாசனை இருந்துச்சு அண்ணி."

அவர் முகம் வெளுத்தது. அதோடு நான் விடவில்லை. "சொல்லுங்க, இதுக்கு என்ன பாடம்? பால் பொங்கினா ஒண்ணு சொல்வீங்களே, பேனா கசிஞ்சா ஒண்ணு சொல்வீங்களே! உங்க ஆண்டவர் இதுல என்ன கத்துக் கொடுக்கறார்? சொல்லிட்டுப் போங்க!" என்று கத்தினேன். அண்ணி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார்.

அதன்பிறகு ஆறுதல் சொல்ல ஒவ்வொருவராக வந்தார்கள். "உனக்கென்ன வயசா ஆயிடுச்சு, அடுத்தது பிறந்துடும்" என்றார் ஒருவர். "ஆண்டவர் தனக்குப் பிடிச்ச பூவைப் பறிச்சுக்கிட்டார்" என்றார் இன்னொருவர். அவருக்குப் பறிக்க என் வீட்டுத் தோட்டம்தான் கிடைத்ததா என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். என் மகனைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏதோ காய்ச்சலில் படுத்து எழுந்தவளை விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் ஜெபிப்பதை விட்டேன், கோயிலுக்குப் போவதையும் விட்டேன்.

அண்ணி மட்டும் வேலை முடிந்ததும் தினமும் வந்தார். நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அவர் தட்டவில்லை. கதவுக்கு வெளியே தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவார்.

இனிமேல் வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடத்தான் ஒருநாள் கதவைத் திறந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"பாடம் கேட்டியே" என்றார். "எனக்குத் தெரியலம்மா. ஆண்டவர்கிட்ட கேட்டுக்கேட்டு அலுத்துட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். கறையைப் பாத்ததும் என் கை தன்னால சோப்பைத் தேடிடுச்சு. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

"அவன் எப்படி இருந்தான்?" என்று கேட்டார். "அன்னிக்குப் பாத்து ஊருக்குப் போயிருந்தேன், நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. நான் அவனைப் பாக்கவே இல்லையே. சொல்லேன்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னேன். இடது காது மடங்கியிருந்ததைச் சொன்னேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்ததைச் சொன்னேன். அவன் வாசனை வெதுவெதுப்பான பால் மாதிரி என்று சொல்லிவிட்டு, இல்லை, அப்படியும் இல்லை என்று மறுபடி மறுபடி வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். வாழ்நாளில் யாரையும் முழுசாகப் பேசவிடாத அண்ணி குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேர் வச்சிருந்தியா?"

அதுவரை ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. சொன்னேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் வழக்கமாக ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அதில் வந்துபோவார்கள். அன்று என் மகனின் பெயரைச் சொன்னார். "அவனுக்கு இடது காது மடங்கியிருக்கும், ஆண்டவரே. விரலைப் பிடிச்சா விட மாட்டான். அவங்க அம்மா தேடறா. பத்திரமா வச்சுக்குங்க" என்றார். மேலே பேச முடியாமல் விம்மினார்.

அவன் போனபிறகு இன்னொருவர் வாயிலிருந்து அவன் பெயரை நான் கேட்டது அப்போதுதான். ஆமென் என்று நான்தான் சொல்லி முடித்தேன்.