மணி கேட்டால் கதவைச் சாத்தும் மடம்

ஓடு மாற்றுகிற ஒலெகாரியோ ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. கூரைமேல் நடக்க அவருக்குப் பயமில்லை, கூரைக்குக் கீழே இருப்பதற்குத்தான் பயம். அதிலும் ஊர்ப் பிரபு ஒருவரின் பழைய கோட்டை அரண்மனை! அதில் பாதி எத்தனையோ தலைமுறையாக கிளாரா கன்னியர் மடம். உள்ளே போனவர்கள் செத்தாலும் வெளியே வருவதில்லை, அங்கேயே அடக்கம். அங்கே கோபுரம் ஒழுகுகிறது என்று ஆள் வந்தபோது அவர் மனைவி கசில்டாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எலிய கண்டாலே என் பின்னால ஒளியுற ஆளு! அங்க போய் யாரு பின்னால ஒளிவ?"

ஆண்பிள்ளை உள்ளே வந்தால் ஒரு சிஸ்டர் கைமணியை அடித்துக்கொண்டு முன்னே போவார். மற்றவர்கள் முகம் காட்டாமல் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அன்று மணி பிடித்தவர் பெர்பெத்துவா. வயது எண்பதுக்கு மேல், வாய்க்கு மட்டும் இருபது.

"பின்னாலயே வாடா. இங்க பேய் இருந்தாலும் அதுவும் பொம்பளதான், மணி கேட்டா ஒளிஞ்சுக்கும்."

ஒலெகாரியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருண்ட சுழற்படியில் மணிச்சத்தத்தை நம்பித்தான் ஏறினார். திடீரென்று மணி நின்றது. தொப்பென்று ஏதோ விழுந்தது.

தடவித் தடவி ஏறினால், கிழவி படியில் சரிந்து கிடக்கிறார். நெற்றியில் ரத்தம். ஒலெகாரியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணெதிரே செத்துவிடுவாரோ! மணியை எடுத்து வெறிபிடித்தவர்போல் அடித்தார்.

கீழே கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. இன்னும் பலமாக அடித்தார். தாழ்ப்பாள்களும் விழுந்தன. அப்போதுதான் மண்டையில் உறைத்தது: வரவேண்டியவர்களை அவரே விரட்டிக்கொண்டிருந்தார். கத்தினாலோ, ஆண்குரல் கேட்டு இன்னும் இறுக்கித்தான் சாத்துவார்கள்.

மணியைப் போட்டுவிட்டுக் கிழவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மணியில்லாமல் காலடி மட்டும் கேட்டதால், தங்களில் ஒருத்தி என்று நினைத்து யாரோ கதவைத் திறந்தார்கள். ஒரு இளம் சிஸ்டர். அவரைக் கண்டதும் வீறிட்டாள். அவரும் வீறிட்டார்.

"கத்துனது போதும் சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க! இவங்க கை சில்லுன்னு ஆவுது!"

டாக்டர் வந்து தையல் போட்டார், பிழைத்துக்கொள்வார் என்றார். ஒலெகாரியோவுக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எழுந்தார். கண் விழித்திருந்த பெர்பெத்துவா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"போயிடாதடா. பயமா இருக்கு."

"எனக்கும்தான் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு ஒலெகாரியோ மறுபடியும் உட்கார்ந்தார்.