வலிக்காமல் போன வயிறு

ஒரு தட்டு மீ கோரேங்கை (வறுத்த நூடுல்ஸ்) முழுவதுமாகச் சாப்பிட்டு முடித்தேன். வலிக்கவில்லை. எனக்கு வந்த முதல் அறிகுறி அதுதான்.

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியின் கேண்டீன் அது. எண்பதுகளின் கடைசி. எதிரே உட்கார்ந்திருந்த சரோஜா என் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, இன்னிக்கு காலி பண்ணிட்டீங்க?" என்றாள். எப்போதும் என் தட்டில் மிஞ்சுவதை எடுத்துக்கொள்பவள் அவள். நான் குனிந்து தட்டைப் பார்த்தேன். யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன தட்டைப்போல் இருந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் உடல் எடையைக் குறைக்க எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அப்போது நூற்றுப் பத்து கிலோவுக்கு மேல் இருந்தேன். ஃபேக்டரி பஸ்ஸில் ஏறும்போது பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கும். நீரிழிவு (இரத்தத்தில் சர்க்கரை கூடிப்போவது) முப்பத்தைந்து வயதுக்குள் வந்துவிட்டது. ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர் காகிதத்தில் இரைப்பையை வரைந்து காட்டினார். அவரும் தமிழர்தான்.

"மேல இப்படி வரிசையா பின் அடிச்சி ஒரு சின்னப் பை மாதிரி பண்ணிருவோம். அடியில ஒரு குறுகலான வாய். சாப்பாடு அது வழியா மெதுவாத்தான் மத்த வயித்துக்கு இறங்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே நெறஞ்சிரும்."

"அந்தப் பின்னெல்லாம் கழண்டுக்கிட்டா, டாக்டர்?"

"அதெல்லாம் ரொம்ப அபூர்வம்மா."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்காமல் பேனாவை மூடினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சம்மதித்தேன்.

இதே சிகிச்சையைச் செய்துகொண்டவர்களுக்கு ஆரம்ப மாதங்களை நான் விவரிக்க வேண்டியதில்லை. சில கரண்டி கஞ்சி இறங்குவதற்குள் நெஞ்சுக்குக் கீழே கல்லை வைத்ததுபோல் அடைக்கும். ஒரு வாய் கூடினால் நுரையாக வாந்தி வரும். சீப்பில் முடி கொத்தாக வரும். முதல் ஆண்டு முடியும்போது அரைக் கோப்பைச் சோறு போனது. இரண்டாம் ஆண்டில் இரண்டு இட்லி. பை நாளடைவில் கொஞ்சம் இளகும், அது இயல்புதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எடை இறங்கியது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் இருந்தது.

ஆனால் அந்த மீ கோரேங் வேறு கணக்கு. கொஞ்சம் கொஞ்சமாக இளகியதுபோல் இல்லை. போன வாரம் வரை இருந்த கதவு இந்த வாரம் இல்லை என்பதுபோல் இருந்தது.

வீட்டில் சொன்னேன். நாங்கள் ஜெலுத்தோங்கில் குடியிருந்தோம். நான், என் கணவர் லூர்து, அவருடைய தங்கை பிலோமினா. லூர்துக்குப் பிறை என்னும் ஊரில் மெக்கானிக் வேலை. பிலோமினா தையல் தைப்பாள், சமையலையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"வயிறு நிறையவே மாட்டேங்குது. என்னமோ ஆயிருக்கு," என்றேன்.

லூர்து நாளிதழை இறக்கவில்லை. "வாய்க்குப் பழகிப்போயிருக்கும்," என்றார்.

அடுத்த வாரம் பிஸ்கட் டின் அலமாரியின் உச்சிக்கு ஏறியது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் என் பாவாடை நாடா இறுகத் தொடங்கியபோது, நான் மெல்லும் வரை பிலோமினா என் வாயைப் பார்ப்பதும், நான் பார்த்ததும் முகத்தைத் திருப்புவதும் வழக்கமாயின. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே எங்கோ ஒளிந்து சாப்பிடுகிறேன் என்று நினைத்தார்கள்.

நானும் சும்மா இல்லை. பிலோமினா குழம்பில் தேங்காய்ப்பாலைக் கூட்டுகிறாளோ என்று சந்தேகப்பட்டேன். என் கைப்பையின் ஜிப் நான் இழுத்த இடத்தில் இல்லாததுபோல் தோன்றும். லூர்து பார்த்திருப்பார் என்று முடிவு கட்டுவேன். எல்லாவற்றையும்விட மோசமானது, என்னையே நான் நம்பாமல் போனது. பசிக்கும்போது, இது பசியா, ஆசையா என்று வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பேன். வயிறு ஒன்றும் சொல்லாது. வேலையிடத்தில் எதையாவது தின்றுவிட்டு மறந்துவிடுகிறேனோ என்றுகூட ஒருநாள் சரோஜாவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரிடம் போனேன். நான் சொல்வதைப் பாதி கேட்டதுமே அவர் தலையாட்டினார்.

"நாலு அஞ்சு வருஷம் ஆனா எல்லாரும் இதேதாம்மா சொல்றாங்க. நீங்க தே குடிக்கிறீங்க இல்ல? டின் பால் நெறைய ஊத்தி?"

அது உண்மை. அந்தத் தேநீரை எல்லார் முன்னாலும்தான் குடித்தேன். இனிப்பும் கெட்டியான பாலும் எவ்வளவு சின்னப் பையையும் வழுக்கிக்கொண்டு கடந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"யார் டாக்டர் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு. நல்லதுக்குத்தானே சொல்றாரு."

வெளியே வராந்தாவில், என்னுடன் வந்திருந்த லூர்து என் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி நடந்துபோய் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் ஒரு காரியம் செய்தேன். சிகிச்சைக்குப் பிறகு ரொட்டி எனக்கு ஆகாது. பசைபோல் திரண்டு அந்தக் குறுகலான வாயில் சிக்கிக்கொள்ளும்; வாந்தி எடுக்கும்வரை உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வெந்த கோழி நெஞ்சுக்கறியும் அப்படித்தான். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். பாசாரிலிருந்து தடிமனான பெங்காலி ரொட்டி வாங்கிவந்தேன். கறியை வெறுமனே உப்புப் போட்டு வேகவைத்தேன். இருவரையும் மேசைக்கு அழைத்தேன்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. நான் சாப்பிடறதைப் பாருங்க."

"அண்ணி, வேணாம் லா," என்றாள் பிலோமினா.

ரொட்டியைத் தண்ணீர்கூடத் தொடாமல் தின்றேன். கறியையும் தின்றேன். பிறகு கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிலோமினா பாதி எழுந்து, "பேசின் எடுத்தாரவா?" என்றாள். வேண்டாம் என்றேன். லூர்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ மோட்டாரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போயும் விட்டது.

"வலிக்கலையா?" என்றார் லூர்து.

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"அதைத்தானே இத்தனை நாளா சொல்றேன்."

அவர் ரொட்டியின் மிச்சத்தை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார், அதில் ஏதோ தந்திரம் இருப்பதுபோல. பிறகு, "நாளைக்கு லீவு போடறேன். ரெண்டு பேரும் போவோம்," என்றார்.

இந்த முறை அவர்தான் டாக்டரிடம் பேசினார். படம் எடுக்காமல் போக மாட்டோம் என்றார். பேரியம் எக்ஸ்ரே (சுண்ணாம்புக் குழம்பு போன்ற மருந்தைக் குடிக்கவைத்து, அது இறங்கும் வழியைப் படம் பிடிப்பது) எடுத்தார்கள். குளிர்ந்த பலகையில் முதுகைச் சாய்த்து நின்று குடித்தேன். படம் எடுத்த சீனப் பெண் திரையை என் பக்கம் திருப்பி, "தெங்கோக், காக்கா," என்றார். மலாயில் பாருங்கள் அக்கா என்று பொருள்.

வெள்ளைக் கோடு ஒன்று இறங்கியது. சின்னப் பையில் தேங்கியது. ஒரு பங்கு அந்தக் குறுகலான வாய் வழியாக மெல்ல இறங்க, இன்னொரு பங்கு பக்கவாட்டில், வழி இருக்கக் கூடாத இடத்தில், தாராளமாக வழிந்து பழைய இரைப்பைக்குள் பரவியது. பின் அடித்திருந்த வரிசை விட்டுப்போயிருந்தது.

என்னை நம்பாதவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்கப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எனக்குள்ளே ஒரு கதவு திறந்துகிடந்திருக்கிறது, எனக்கு ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லையே என்ற பயம்தான் வந்தது.

"எப்ப விட்டுச்சு, டாக்டர்?"

"தெரியலம்மா."

"நான் அதிகமா சாப்பிட்டதாலயா?"

"அதுவும் சொல்ல முடியாது. சிலருக்குத் தானாவே விட்டுரும்." படத்தைக் கவரில் போட்டவர் மறுபடி வெளியே எடுத்தார். "உங்களையும் மத்தவங்க மாதிரின்னு நெனச்சிட்டேன். முன்னாடியே எடுத்துப் பாத்திருக்கணும்."

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். அந்தப் பின்கள் விடாவிட்டாலும் பை முதல் மாதத்தில் இருந்ததுபோல் கடைசிவரை இருக்காது. வீக்கம் வடியும், தசை இளகும், கொள்ளும் அளவு கூடும். அது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அளவு திடீரென்று மாறினாலோ, சிக்கிக்கொண்டிருந்த பண்டம் சிக்காமல் இறங்கினாலோ, படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மறுபடியும் கேளுங்கள்.

காடியில் (காரில்) திரும்பும்போது லூர்து, "டாக்டருக்கு நான் போன் பண்ணியிருக்கக் கூடாது," என்றார்.

"சந்தேகம்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே."

"கேக்கல. பாத்துக்கிட்டே இருந்தீங்க."

அன்று மாலை பிஸ்கட் டின் மேசைக்கு வந்துவிட்டது. எங்களுக்குள் எல்லாம் சரியாவதற்கு அதைவிட நெடுநாள் பிடித்தது.

இன்னொரு முறை வெட்டி வேறு விதமாகத் தைக்கலாம் என்றார்கள். பழைய தழும்பின்மேல் செய்வது கடினம் என்றும் சொன்னார்கள். அபூர்வம் என்ற சொல்லை அந்தப் பேச்சில் மறுபடி கேட்டேன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது சரியான முடிவா என்று இன்றுவரை தெரியாது. இறங்கிய எடையில் பாதி திரும்பிவிட்டது. சர்க்கரை மாத்திரையும் திரும்பியது. பஸ் படி மட்டும் இன்னும் ஏறமுடிகிறது.

முன்பு என் சாப்பாட்டை வலி அளந்து கொடுத்தது. இதோ போதும், நிறுத்து என்று அது சொல்லும். இப்போது சொல்ல யாருமில்லை. வயிறு நிறைந்த செய்தி எனக்குத் தாமதமாக வருகிறது, சில வேளை வருவதே இல்லை. ஆகவே பாதியில் கையை எடுத்துக்கொண்டு காத்திருக்கப் பழகினேன். என் உடம்பை நான் முழுதாக நம்புவதில்லை. ஆனால் அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதும் இல்லை.

போன மாதம் கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணம். பரிமாறிக்கொண்டிருந்தவர் சோற்றுக் கரண்டியுடன் என் முன்னால் நின்று, "போதுமாக்கா?" என்று கேட்டார்.

"தெரியலை, தம்பி. கொஞ்சம் இருங்க, சொல்றேன்," என்றேன்.

பின்னால் வரிசையில் ஆட்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கரண்டியைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.