வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

முதலில் அண்ணனின் காக்கி முழுக்கால் சட்டை. இடுப்பில் நிற்காது, பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மேலே டிரில் டீச்சர் தந்த வெள்ளை அரைக்கைச் சட்டை. அதற்கும் மேலே அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டர். பின்னலைச் சுருட்டி உச்சியில் வைத்து, அதை அமுக்கிக்கொண்டு குரங்குக் குல்லா. மார்கழி விடியலில், விளக்கேற்றாத அறையில், பதினைந்து வயதில் நான் ஓடுவதற்கு இப்படித்தான் உடுத்தினேன். குளிருக்கு என்று வீட்டில் அதற்குப் பெயர். குளிர் எனக்கு ஒருநாளும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

அப்பாவுக்குப் பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை. அந்தச் சூட்டிலிருந்து நேரே பனிக்குள் வருபவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டும். அதற்காக வாங்கிய ஸ்வெட்டர். எத்தனை முறை அலசினாலும் வெள்ளை மண் தூசி இழைக்குள் இருக்கும். ஓடும்போது என் மூச்சோடு அதுவும் உள்ளே போகும்.

ஜில்லா போட்டியில், எண்ணூறு மீட்டரில், முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்து சென்னையில் ஓடலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் பின்னால் டிரில் டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். டீச்சர் வீட்டுக்கே வந்து இதைச் சொன்னார். எனக்குப் பெண்ணாடத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த வீடு அது. அம்மா வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"ஓடட்டும் டீச்சர். அரைக்கால் சட்டைல்லாம் ஆவாது. பனிக்காலம், போத்திக்கிட்டு ஓடட்டும்."

"ஓடுனா குளுராதுங்க. வேர்க்கும்."

"வேர்த்தா சட்ட ஒடம்போட ஒட்டிக்கும்ல. அதான் சொல்றேன்."

பனி என் பக்கம் இருந்தது. மணிமுத்தாற்றங்கரையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் மூடுபனி. அதற்குள் துண்டு சுற்றிய, சாக்கைக் கவிழ்த்துக்கொண்ட தலைகள். யாருக்கும் முகம் கிடையாது. டீக்கடைக்காரர் பாய்லரில் கரியைத் தள்ளிக்கொண்டே குரல் கொடுப்பார்: "தம்பி, பட்டாளத்துக்கா? மெதுவாப் போ, சண்ட எங்கியும் ஓடிப் போவல." பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், நான் ஓடிக்கொண்டேயிருப்பேன். ஒரு மாதம் நான் தம்பி. என் காலை யாரும் பார்க்கவில்லை, மார்பைப் பார்க்கவில்லை, வேகத்தை மட்டும் பார்த்தார்கள். அப்படியொரு மரியாதை அந்த ஊரில் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

போட்டி தை மாதக் கடைசியில், கடலூரில். அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். கிளம்பும்போது அம்மா ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கழுத்துவரை தன் கையாலேயே போட்டுவிட்டாள்.

"இத மட்டும் கழட்டாத. யாராவது கேட்டா குளுருதுன்னு சொல்லு." பிறகு அப்பாவிடம், "பாத்துக்குங்க."

எங்கள் ஓட்டத்தைக் கூப்பிடும்போது மணி பதினொன்று. கடற்காற்று செத்துப்போயிருந்தது. கோட்டில் நின்ற மற்றப் பெண்கள் எல்லோரும் அரைக்கால் சட்டையில்.

"எந்த ஊருடி இவ, ஊட்டியா?"

"இல்லடி. உள்ள முட்ட வச்சு அடை காக்குறா."

டீச்சர் என் குல்லாவைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்தார். "ஸ்வெட்டரயும் குடு. உள்ள சட்ட இருக்குதுல்ல."

நான் அப்பாவைப் பார்த்தேன். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு தலையசைப்பு போதும் எனக்கு. அது வரவில்லை.

"குளுருது டீச்சர்" என்றேன்.

டீச்சர் என்னைத் திருப்பி நிறுத்தினார். எண் எழுதிய துணியை ஸ்வெட்டரின் முதுகில் வைத்து ஊக்கு குத்தினார்.

முதல் சுற்றில் நான்தான் முன்னால். இரண்டாவது சுற்றில் கம்பளி என் வேர்வையைக் குடித்துக் குடித்து ஈரச் சாக்காகிவிட்டது. தோளை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. கழுத்துப் பொத்தானுக்குக் கீழே மூச்சு முட்டி நின்றது. ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் மூன்றாமவள். அவர்கள் மூன்று பேருக்கும் சென்னை, எனக்குப் பெண்ணாடம்.

கோட்டைத் தாண்டியதும் பொத்தான்களைப் பிய்த்துக் கழற்றி எறிந்தேன். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது, அம்மா சொன்ன மாதிரியே. காதெல்லாம் எரிய, யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று நின்றேன். அத்தனை பேர் இருந்த மைதானத்தில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் முதலில் வந்தவளைச் சுற்றி நின்றார்கள். எந்தக் கண்ணுக்குப் பயந்து என்னை மூடினார்களோ, அந்தக் கண் கடலூருக்கு வரவே இல்லை.

அப்பா கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தார். ஸ்வெட்டரை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"வேர்வையோட நிக்காத. சளி புடிச்சிக்கும்."

உச்சி வெயில். நான் கைகளை நீட்டினேன். அவர் மாட்டிவிட்டார்.