அக்கா கேட்ட ஒரு நாள்

எங்கள் அப்பா இலங்கையில் ரயில்வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் கந்தோரில் வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் நிற்கும், எது எதற்கு வழிவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேணுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. நேரம் குறிக்க இங்கே அவருக்கு ரயில் இல்லை. ஆகையால் அக்காவை எடுத்துக்கொண்டார்.

கிளேட்டனில் எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தேவாலயத்தின் பின்புறத்தில் செம்மண் டென்னிஸ் மைதானம் ஒன்று இருந்தது. வந்த முதல் கோடையில் அக்கா யாரிடமோ இரவல் வாங்கிய மட்டையால் தேவாலயச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், இந்தப் பிள்ளையின் கையில் ஏதோ இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுசன் அன்றைக்கு வாயைத் திறக்காமல் போயிருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அதன்பிறகு அக்காவின் நாள் அப்பாவின் கைக்குப் போனது. விடியமுன் ஓட்டம். பாடசாலைக்குப் போகமுன் சேர்விஸ் அடித்துப் பழகுவது. பாடசாலை விட்டதும் மறுபடி மைதானம், பிறகு வீட்டுப்பாடம், பிறகு படுக்கை. இடையில் அவள் தலைவாரி இழுக்கும் நேரத்தைக்கூட அப்பா கணக்கில் எடுத்திருந்தார். அது கூடிப்போகிறது என்று கண்டு ஒருநாள் கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டச் செய்தார். அம்மா அன்று முழுக்கச் சமைக்கவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. பந்து பொறுக்குவது என் உத்தியோகம். வேலிக்கு வெளியே முள்ளுப் பற்றைக்குள் போனதையும் நான்தான் எடுத்துவர வேண்டும். அவளுக்குக் காலையில் பச்சை முட்டை அடித்த பால், எனக்கு வெறும் தேத்தண்ணி. காரில் முன்சீட்டு அவளுக்கு, பின்சீட்டில் மட்டைகளோடு மட்டையாக நான். உலகத்தில் அவளைப்போல் கொடுத்துவைத்தவள் இல்லை என்று எனக்கு வயிறு எரியும்.

அவள் வெல்லத்தான் வென்றாள். அந்த வட்டாரத்தில் அவள் வயதுச் சிறுமிகள் எல்லோரையும் அடித்து ஒதுக்கிவிட்டு, மாநிலப் போட்டி வரைக்கும் போய்விட்டாள். ஆனால் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். ஒரு பந்து வலையில் பட்டு விழுந்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மட்டையால் தன் காலிலேயே அடித்துக்கொள்வாள். அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் தொலைக்காட்சியில் மட்டையை எறிந்தால் சனம் சிரித்து ரசித்தது. வெள்ளைப் பாவாடை போட்ட ஒரு கறுத்த சிறுமி எறிந்தபோது, வேலியோரம் இருந்த தாய்மார் தேநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்காது. அவளுக்கு முன்னால் போய் நின்று மறைக்க வேண்டும் போலிருக்கும்.

"உன்ரை கோபம் உன்ரை அப்பன்ரை சீதனம்" என்று அம்மா சொல்லுவா. உண்மைதான். அப்பா கத்தமாட்டார், கை நீட்டவும் மாட்டார். ஆட்டம் முடிந்து கார் வெளிக்கிட்டதும், அவள் பிழைவிட்ட ஒவ்வொரு பந்தையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருவார். எந்தக் கால் பின்தங்கியது, எந்த அடி அவசரப்பட்டது என்று ஒன்றுவிடாமல் வரும். வென்ற ஆட்டத்தையும் தோற்றதுபோலச் சொல்ல அவருக்குத் தெரியும். அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

மாநிலப் போட்டியின் அரையிறுதி ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. வடக்கிலிருந்து நெருப்புக் காற்று வீசியது. அக்கா வென்றாள், ஆனால் வெல்லுமுன் மட்டையை எறிந்தாள். அது தரையில் வழுக்கிக்கொண்டு போய், கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் காலடியில் நின்றது. நடுவர் இறங்கி வந்து இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வெளியே அனுப்புவேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அக்கா தலையாட்டினாள்.

காரில் அப்பா அன்று பிழைகளைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வரப்போவதைச் சொன்னார். நாளைக் காலை இறுதியாட்டம். அது முடிந்த கையோடு நாங்கள் சிட்னிக்கு வெளிக்கிட வேண்டும். திங்கட்கிழமை அங்கே வேறொரு போட்டி தொடங்குகிறது. அது முடிந்ததும் திரும்பி வர, பாடசாலை தொடங்க, பிறகு கிழமைக்கு ஒரு போட்டி. எல்லாம் ஒன்றோடொன்று முட்டாமல் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பா, ஐ ஆம் டயர்ட்" என்றாள் அக்கா.

"ஆர்தான் களைக்கேல்லை?"

"ஒரு நாள் விடுங்கோ அப்பா. ஒரே ஒரு நாள். நித்திரை கொண்டிட்டு விளையாடுறன்."

"சம்பியனுக்கு ஏது பிள்ளை லீவு?" என்றார் அப்பா. கோபமில்லாமல், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்கு அவர் செய்துகொண்டிருந்தது பெரிய உபகாரம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்கா அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பெரியபிள்ளையாகிவிட்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. பாடசாலை நேர்ஸ் கொடுத்த பஞ்சுப் பொதியைப் பாவாடைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். நான் ஒருமுறை கண்டுவிட்டு என்னவென்று கேட்டபோது, காலில் அடிபட்டால் கட்டுகிறது, அம்மாவிடம் சொன்னால் உன்னைக் கொன்றுபோடுவேன் என்றாள். நானும் அதைக் கால்கட்டு என்றே நினைத்துக்கொண்டேன். விசயம் அம்மாவுக்குத் தெரிந்தால் கட்டைப் பாவாடையும் வெயிலில் ஓட்டமும் அன்றோடு சரி என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவ அம்மா. அக்காவுக்கு டென்னிஸ் அவ்வளவு வேண்டியிருந்தது. அதனால்தான் மறைத்தாள்.

சனிக்கிழமை காலை, அப்பா காரைத் துடைத்து முடித்து ஹோர்ன் அடித்துக் கூப்பிட்ட நேரத்தில், அவள் குளியலறைக்குள்ளிருந்து அம்மாவை அழைத்தாள். அம்மா உள்ளே போனா. பிறகு அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வெளியே ஓடிவந்தா.

"இஞ்சாருங்கோ, காரை நிப்பாட்டுங்கோ. பிள்ளை பெரியபிள்ளையாகிட்டாள்!"

அப்பாவின் முகம் விழுந்ததை நான் ஒருபோதும் மறக்கமாட்டேன். கையில் துடைத்த துணியோடு அப்படியே நின்றார். இதற்கு மட்டும் அவர் நேரம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

முறைப்படி தலைக்குத் தண்ணீர் வார்க்க மாமி வேண்டும். அந்தக் கண்டம் முழுவதிலும் எங்களுக்கு மாமி என்று ஒருவர் இல்லை. ஆகவே ஸ்பிரிங்வேலில் இருந்து நாங்கள் அன்ரி என்று அழைக்கும் வயதான ஒரு மனுசி வரவழைக்கப்பட்டா. அவ தன்னோடு நல்லெண்ணெயும் உழுத்தம்மாவும் பஞ்சாங்கமும் கொண்டுவந்தா. அக்காவை மூலை அறையில் பாயில் இருத்தினார்கள். பதினொரு நாளைக்கு வெளியே வரக்கூடாது, ஆண்கள் முகத்தில் விழிக்கக்கூடாது. இத்தனை நாள் அப்பா பலத்துக்கென்று கொடுத்த பச்சை முட்டையை இப்போது அம்மா வேறொரு காரணம் சொல்லிக் கொடுத்தா. எப்படிப் பார்த்தாலும் முட்டை அவளுக்குத்தான்.

போட்டி நடத்துபவர்களுக்கு அப்பா தொலைபேசி எடுத்தார். ஒரு வெள்ளைக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்றார். மறுமுனையில் இருந்தவர் நல்ல மனுசன் போலிருக்கிறது. அப்பா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குப் பின்னேரம் வைக்கலாமாம்."

அப்போது மூலை அறைக் கதவு திறந்தது. தலை ஈரம் சொட்டச் சொட்ட அக்கா வாசலில் நின்றாள்.

"நாளைக்கெண்டால் நான் விளையாடுவன். அப்பா, ஓம் எண்டு சொல்லுங்கோ."

"அடி, உள்ளுக்குப் போ!" என்று அன்ரி கத்தினா. அம்மா பாய்ந்துபோய் அவளை உள்ளே தள்ளினா. அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா! அப்பா, நாளைக்கு ஏலும்!" என்று கத்தினாள். அப்பா பார்க்கக்கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் விரல்களை அன்ரி ஒவ்வொன்றாகக் கழற்றினா. கதவைச் சாத்தினார்கள். அப்பா சுவரைப் பார்த்தபடியே, வேண்டாம், நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

இவளுக்கென்ன விசரா என்று நான் நினைத்தேன். காலையில் ஏலாது என்றவள் பத்து மணிக்கு ஏலும் என்கிறாள். கோபக்காரிக்கு எதைக் கொடுத்தாலும் வேறொன்றுதான் வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டேன். ஒரு நாள் நித்திரைக்காக மாதக்கணக்கில் மறைத்ததைச் சொல்லியிருந்தாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்ததென்று அந்த வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

பின்னேரம் அன்ரி பஞ்சாங்கத்தை விரித்தா. பெரியபிள்ளையான நேரத்துக்கு நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்வது வழக்கம். சாத்திய கதவைத் தட்டி, "எத்தினை மணிக்குப் பிள்ளை?" என்று கேட்டா. அக்கா உள்ளேயிருந்து சொன்னாள்.

"அப்பா ஹோர்ன் அடிக்கேக்கை."

அது எட்டு மணி. அன்ரி மெல்பேண் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றி, விரல்விட்டுப் பார்த்து, ரோகிணி என்றா. அருமையான நட்சத்திரம், மாலையும் மஞ்சளுமாய் இருப்பாள் என்றா. அம்மா கைகூப்பினா. குசினிக் கதிரையில் இருந்த அப்பா, அங்கிருந்தபடியே சொன்னார்.

"கணக்குப் பிழை. கோடைக்கு இஞ்சை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். அதையும் கழிக்க வேணும்."

அவர் எந்தத் துக்கத்திலும் பிழையான நேரத்தைப் பொறுக்கமாட்டார். கழித்துப் பார்த்தார்கள். ரோகிணி போய்க் கார்த்திகை வந்தது. அன்ரியின் முகம் கறுத்தது. கார்த்திகை கூடாதாம், சாந்தி செய்ய வேண்டுமாம். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அழுதா. அந்தக் காலையில் நடக்காத ஒன்று நடந்த நேரத்துக்காக மூன்று பெரியவர்கள் அன்று இருட்டும்வரை கவலைப்பட்டார்கள். அதற்குப் பரிகாரமாக அம்மா எத்தனையோ வருசம் செவ்வாய் விரதம் பிடித்தா. அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனபோதும் அந்தக் கார்த்திகையைத்தான் நொந்துகொண்டா.

அறைக்குள் அக்கா நித்திரை கொண்டாள். சாப்பாடு கொடுக்க எழுப்பினால் எழும்பிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தாள். சடங்கன்று அம்மாவின் கூறைச்சேலையை அவளுக்குச் சுற்றி, கழுத்தளவு முடியில் பொய்முடி வைத்துப் பின்னி, ஆலாத்தி எடுத்தார்கள். படமெடுக்கும்போது சிரி என்றார்கள். சிரித்தாள். அந்தப் படத்தில் அவள் தோள் மட்டும் சேலைக்குள் அடங்காமல் நிற்கிறது. கோபம் ஒரு துளிகூட இல்லை. பிள்ளைக்கு நல்ல அடக்கம் வந்திட்டுது என்று அன்ரி சந்தோசப்பட்டா. அது எங்களை எல்லாம் பயப்படுத்தியிருக்க வேண்டும்.

பயந்து ஓடிவிட்டார்கள் என்று போட்டிக்காரர்கள் நினைத்திருப்பார்கள் என்ற வெட்கம் அந்த நாட்களில் அப்பாவைத் தின்றது. இனி அக்காவுக்கு டென்னிஸ் இல்லை என்று அம்மா தன் முடிவைச் சொன்னபோது அவர் எதிர்க்கவில்லை.

சடங்கு முடிந்த அடுத்த நாள் விடியமுன் நான் சத்தம் கேட்டு எழும்பிக் குசினிக்குப் போனேன். அப்பா தேத்தண்ணியோடு இருந்தார். அக்கா காற்சட்டையும் வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"அப்பா, நான் வெளிக்கிட்டிட்டன்."

அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனி என்னத்துக்குப் பிள்ளை? போய்ப் படு" என்றார். அவள் போகவில்லை. அப்பா நிமிர்ந்து, அவளைத் தாண்டி, வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சின்னவள்," என்றார், "சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ச் சப்பாத்தை எடுத்துவந்து அவசரத்தில் கால் மாறிப் போட்டேன். அக்கா நிலத்தில் முழங்காலிட்டு, அதைக் கழற்றிச் சரியாகப் போட்டு, நாடாவைக் கட்டத் தொடங்கினாள். முடிச்சு விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாய்த்ததைப் பார்த்துப் பொறாமையில் நடுங்குகிறாள் என்று நினைத்து, நான் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தேன்.